கோஸி என்றால் வசதியா?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், ‘வசதியான பண்டிகைக் காதல் நாவல்கள்’ என்ற தொடர் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது. நூல் அறிமுகங்களில் வருகிறது, மின்னூல் விளம்பரங்களில் வருகிறது, வாசகர் குழுக்களில் சுற்றும் பட்டியல்களில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘கோஸி ஃபெஸ்டிவ் ரொமான்ஸ்’ என்று இருந்ததை யாரோ அகராதியை விரித்துச் சொல்லுக்குச் சொல் நட்டுவைத்திருக்கிறார்கள். முதற்சொல் தவறு, இரண்டாவது தடுமாற்றம், மூன்றாவது பாதிதான் சரி.

குமரி மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ‘மாப்பிள்ளை வீடு நல்ல வசதி’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ரப்பர் தோட்டம் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது, வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று பொருள். ‘உங்க வசதிப்படி வாங்க’ என்றால் தோதான நேரத்தில் வரச் சொல்வது. ஆக, ‘வசதியான காதல்’ என்றதும் தமிழ்க் காதில் இரண்டு பொருள்தான் விழும்: பணக்காரர்களின் காதல், அல்லது தோது பார்த்துச் செய்துகொண்ட காதல். இந்த வகை நாவல்களோ இதற்கு நேர்மாறு. நாயகி பெரும்பாலும் கடனில் மூழ்கும் பேக்கரியையோ பாட்டி விட்டுப்போன புத்தகக் கடையையோ காப்பாற்றப் போராடுகிறவள். வசதியான ஆள் ஒருவன் கதைக்குள் வருகிறான் என்றால், அந்தக் கடைத்தெருவை விலைபேச வந்தவனாக இருப்பான். தோது பார்த்து அவனைக் கட்டிக்கொள்ள மறுப்பதுதான் பல கதைகளின் முடிச்சே.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கோஸி’ ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துக்கு வந்தது. வேர் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கலாம் என்பார்கள். நார்வேக்காரர்கள் சுகமாக ஓரிடத்தில் ஒண்டி உட்கார்வதற்குச் சொல்லும் ‘கோசே’யோடு இதை உறவு சேர்ப்பார்கள். டீ ஆறாமல் இருக்கக் கெண்டியின் மேல் கவிழ்க்கிற, பஞ்சு வைத்துத் தைத்த உறைக்கும் ஆங்கிலத்தில் கோஸி என்றுதான் பெயர். அந்த உறையை நினைத்துக்கொண்டால் சொல்லின் முழுப் பொருளும் கைக்கு வந்துவிடும். சிறியது, சுற்றி மூடியது, வெளிக்குளிரை உள்ளே விடாதது. எடின்பரோவில் டிசம்பர் கடைசியில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டிலும் குளிரிலும் ஒரு சின்ன அறை, நெருப்பு, பக்கத்தில் ஆள் என்று பிறந்த சொல் இது. செல்வத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

‘வசதி’ தவறு என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அடுத்து நீட்டுகிற சொல் ‘கதகதப்பு’. ‘கதகதப்பான காதல் கதைகள்’ என்பது இப்போது வேகமாகப் பரவுகிறது. அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. கோழிச் சிறகுக்குள் குஞ்சு இருப்பது கதகதப்பு, மழைநாளில் போர்வைக்குள் இருப்பது கதகதப்பு. நல்ல சொல், உயிருள்ள சொல். ஒரு காட்சிக்குள் அது வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் ஒரு நாவல் வகைக்குப் பெயராக நெற்றியில் ஒட்டும்போது அது வாசகரை ஏமாற்றுகிறது.

ஆங்கிலத்தில் காதல் நாவல் படிக்கிறவர்கள் கதையில் படுக்கையறைக் காட்சி எவ்வளவு என்பதைச் ‘சூடு’, ‘காரம்’ என்று அளக்கிறார்கள். மிளகாய்ப் படம் போட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுப்பதும் உண்டு. கோஸி வகை இந்த அளவுகோலின் அடித்தட்டில் நிற்பது. முத்தம் வரை வரும், அதற்குமேல் கதவு சாத்தப்படும், அடுத்த அத்தியாயம் காலையில் தொடங்கும். பதினாறு வயதுப் பெண்ணும் படிக்கலாம், அவளுடைய அம்மச்சியும் படிக்கலாம். இப்போது தமிழில் ‘கதகதப்பான காதல்’ என்று எழுதிப் பாருங்கள். சினிமாப் பக்கங்கள் எழுதி எழுதி அந்தச் சொல்லை உடற்சூட்டுப் பக்கம் சாய்த்துவிட்டன. இணையத்தில் தொடர்கதை படிக்கிறவர்கள் ‘இந்த எபியில (எபிசோடில்) ரொமான்ஸ் தூக்கல்’ என்று கருத்துப் போடும்போது எதைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ரொமான்ஸோடு இந்தக் கதகதப்பும் சேர்ந்தால், கதவு சாத்திய கதைக்குக் கதவு திறந்த கதையின் பெயர் கிடைத்துவிடுகிறது. அதைத் தேடி வாங்கியவர் ஏமாறுவார். மெல்லிய கதையைத் தேடுகிறவரோ தலைப்பைப் பார்த்ததுமே விலகிப் போவார். இரண்டு வாசகரையும் ஒரே சொல்லில் இழக்கிறோம்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. சூடு என்பது நமக்குச் சுகத்தின் பெயரே இல்லை. நாகர்கோவிலில் டிசம்பரிலும் பகலில் 30 பாகையை ஒட்டித்தான் இருக்கும். மாறாமலைப் பக்கமோ மேல்கோதையாறு பக்கமோ போனால்தான் போர்வை தேட வேண்டும். நம் மொழி இந்த வெயிலில் வளர்ந்தது. மனம் குளிர்ந்தது என்கிறோம், கண்குளிரப் பார்த்தேன் என்கிறோம், பெற்ற வயிறு குளிர்ந்தது என்கிறோம். வயிற்றெரிச்சலும் சூடான பேச்சும் சுடுசொல்லும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். ‘கதகதப்பான கதை’ என்று சொல்லும்போது ஸ்காட்லாந்தின் குளிரையும் சேர்த்து இறக்குமதி செய்தால்தான் பொருள் புரியும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் நம் மாவட்டத்திலேயே இருந்தார். தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமைத் தமிழில் பாடியபோது அவர் முன்னால் இருந்தது பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் ஒரு மரக்கிளை, ஒரு கவிதை நூல், மதுக்குடம், ரொட்டி, பக்கத்தில் காதலி. கவிமணி அந்தக் கிளையை வெயிலுக்கேற்ற நிழலாக்கினார். ஆங்கிலத்தில் இல்லாத தென்றலை வீசவிட்டார். பெயரில்லாத கவிதை நூலைக் கம்பன் கவியாக்கிக் கையில் கொடுத்தார். ரொட்டியைக் காணோம். சுகம் என்றால் தமிழனுக்கு என்ன என்று கேட்டு, அதை எழுதினார். அகராதியைப் பார்த்துச் சொல் மாற்றுகிறவர்கள் அந்த ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அதற்காகக் ‘குளிர்ச்சியான காதல் கதை’ என்று எழுதச் சொல்லவில்லை. அது தியேட்டர் வாசல் ஏசி விளம்பரம் போல ஆகிவிடும். சூட்டோடும் நிற்க வேண்டும், குளிரோடும் நிற்க வேண்டும், பணத்தையும் உடலையும் நினைவுபடுத்தக் கூடாது. இந்தச் சோதனையில் தேறுகிற சொல் ‘இதம்’. இதமான சூடு, இதமான குளிர், இதமான தூறல், இதமான பேச்சு என்று எல்லாமே இயல்பாக வருகின்றன. வலிக்கிற முட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் இதம், கொதிக்கிற நெற்றிக்கு ஈரத்துணி இதம். படிக்கிறவர் மனத்துக்கு அந்த நாவல்கள் செய்கிற வேலையும் இந்த ஒத்தட வேலைதான்.

‘இதம் வடசொல் ஆயிற்றே’ என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். ஆம், ஹிதம்தான், நன்மை தருவது, பொருந்துவது என்பது அங்கே பொருள். இதோபதேசம் என்ற வடமொழி நீதிக்கதை நூலின் பெயரில் இருப்பதும் அதே சொல். ஆனால் ஹகரத்தை உதிர்த்துவிட்டு உள்ளே வந்து, ‘இதம்பதமாகச் சொல்லு’ என்று வீட்டுப் பேச்சில் கலந்து, பொருளையும் நுட்பமாக்கிக்கொண்ட சொல் அது. தனித்தமிழில் இனிமை இருக்கிறது, ஆனால் அது தித்திப்புப் பக்கம் போகிறது. இன்பம் பெரிது. மென்மை ஒரு பண்பை மட்டும் சொல்கிறது. தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், இந்த இடத்தில் தெளிவையே எடுக்க வேண்டும். ‘வசதி’யும் வடசொல்தான் என்பதைத் தூய்மை பேசுகிறவர்கள் கவனிப்பதே இல்லை.

‘ஃபீல் குட்’ என்பதுதான் வாசகர்கள் தினமும் சொல்வது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கிரிக்கெட் படமும் ஃபீல் குட் ஆகலாம், நாய்க்குட்டிக் கதையும் ஆகலாம். சின்ன ஊர், சிறிய கடை, சுற்றி நிற்கும் நாலு நல்ல மனிதர் என்கிற அடக்கம் அதில் வராது.

ஃபெஸ்டிவ் விஷயத்தில் இவ்வளவு நீட்ட வேண்டாம். பிரிட்டனில் டிசம்பர் மாதத்தில் அந்தச் சொல் கிறிஸ்துமஸை மட்டுமே குறிக்கும். எனவே கிறிஸ்துமஸ் என்றே எழுதிவிடலாம். ‘பண்டிகைக் காதல்’ என்றால் ஓணமா, பொங்கலா, தீபாவளியா என்று நம் ஊரில் கேள்வி வரும். ‘திருவிழாக் காதல்’ என்றும் ஒருவர் எழுதுகிறார். அது இன்னும் மோசம். திருவிழா என்றால் இங்கே டிசம்பர் 3-இல் முடிகிற கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, அல்லது சுசீந்திரத்தின் மார்கழித் தேர். அம்மனுக்கும் மாடனுக்கும் நடந்தால் அது கொடை. நட்சத்திரம் கட்டி, குடில் வைத்து, முந்திரிக்கொத்து பொரித்து, கேரல் பாட வருகிறவர்களுக்குக் கதவு திறந்து வைக்கிற வீட்டுக் கொண்டாட்டத்தைத் திருவிழா என்று யாரும் சொல்வதில்லை.

ரொமான்ஸ் என்ற சொல், லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதிய கதை என்ற பொருளில் பழைய பிரெஞ்சில் தொடங்கியது. இன்று நூல் உலகில் அது ஓர் உறுதிமொழி: காதல்தான் மையம், முடிவு மனம் நிறைகிற முடிவு. ‘காதல் கதை’யில் அந்த இரண்டாம் பாதி இல்லை, ஏனென்றால் தமிழில் காதல் கதை என்றால் இருவரும் செத்துப்போகவும் கூடும். ‘இதமான’ என்பது முன்னால் வந்தால் அந்தக் குறையும் ஓரளவு தீரும். ‘இதமான கிறிஸ்துமஸ் காதல் கதை’. மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொல் ஆனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

அட்டைப் பெயரைத் திருத்தினாலும் உள்ளே அதே அகராதி வேலைதான் நடக்கிறது. வரவேற்பறை நெருப்பை ‘அடுப்பு’ என்கிறார்கள். ‘இருவரும் அடுப்பின் முன் கைகோத்து உட்கார்ந்தார்கள்’ என்று படிக்கும் நம் வாசகர் மனத்தில் அடுக்களைதான் வரும், மேலே மீன்குழம்புச் சட்டியும் இருக்கும். குளிர்காய மூட்டுகிற நெருப்புக்குக் கணப்பு என்று அழகான சொல் இருக்கிறது. வாசலில் தொங்கவிட்டு, கீழே நிற்கிறவர்கள் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்கிற மிசில்டோ செடியைப் ‘புல்லுருவி’ என்று ஆக்குகிறார்கள். தாவரவியல்படி நெருங்கிய இனம்தான். ஆனால் மாமரத்தை உறிஞ்சிக் கெடுக்கிற புல்லுருவி தமிழில் ஒரு வசவு. மிசில்டோ என்றே எழுதி, ‘முத்தத்துக்கென்று வாசலில் கட்டுகிற தழை’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

மல்ட் ஒயினுக்கு ‘காய்ச்சிய மது’ என்று எழுதியிருப்பதை என்னவென்று சொல்வது? காய்ச்சுவது என்றால் நமக்குச் சாராயம் நினைவு வரும். தவிர, அந்தப் பானத்தைக் காய்ச்சவே கூடாது. 750 மில்லி சிவப்பு ஒயினில் ஓர் ஆரஞ்சின் துண்டுகள், ஐந்தாறு கிராம்பு, ஒரு பட்டை, இரண்டு மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, சிறுதீயில் இருபது நிமிடம் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குவார்கள். கொதிக்கவிட்டால் சாராயச் சத்து போய்விடும், ஒயின் கசந்துவிடும். ‘மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின்’ என்றால் தெளிவு. புவிசார் குறியீடு வாங்கிய கிராம்பு விளைகிற மாவட்டத்து வாசகருக்கு, கிராம்பு என்ற ஒரு சொல்லே அந்த மணத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்.

எல்லாவற்றிலும் மனத்தை உறுத்துவது ‘பனிப்புயல்’. இந்தக் கதைகளில் பனி கொட்டி வழி அடைபடுவது எதற்காக? பிரிந்து போகவிருந்த இருவரை ஒரு கூரைக்குள் இரண்டு நாள் நிறுத்திவைப்பதற்காக. அது மிரட்டல் இல்லை, ஒரு கொடை. ‘புயல்’ என்ற சொல்லை 2017 நவம்பர் 30-க்குப் பிறகு குமரிக் கடற்கரையில் யாரும் இலேசாகப் படிப்பதில்லை. அன்று வீசிய ஒக்கிப் புயலில் கடலிலிருந்து திரும்பி வராதவர்களின் படங்கள் தூத்தூர்ப் பக்கத்து வீடுகளில் மாலையோடு மாட்டியிருக்கின்றன. அந்த வீட்டில் ஒருத்தி ஆறுதலுக்காக எடுத்த கதையில் ‘இனிய பனிப்புயல்’ என்று ஏன் வர வேண்டும்? ‘வெண்பனி கொட்டி வழி அடைபட்டது’ என்று எழுதினால் கதைக்கு ஒரு குறையும் வராது. வெறும் ‘பனி’ என்றும் விட முடியாது. மார்கழிப் பனி நமக்கு விடிகாலைப் புல்நுனியில் இருப்பது, அது யாரையும் வீட்டுக்குள் அடைக்காது.

புத்தகக் கடைகளில் இந்த நாவல்களுக்குப் பக்கத்து வரிசையில் இருக்கும் மற்ற வகைகளுக்கும் இதே கதி. கான்டெம்பரரி என்றால் கதை இன்றைய காலத்தில் நடக்கிறது என்று மட்டும்தான் பொருள். ‘நவீன நாவல்’ என்றால் அது வேறு இலக்கிய மரபு, ‘இக்காலக் கதை’ போதும். ரிலேஷன்ஷிப் கதைகளை ‘உறவுமுறைக் கதைகள்’ என்று போட்டால் மாமன், மச்சான், கொழுந்தி என்று முறை சொல்கிற புத்தகமாகிவிடும். ‘இருவரும் உறவில் இருக்கிறார்கள்’ என்பதோ செய்தித்தாளின் குற்றப் பக்கத்திலிருந்து எடுத்த வாக்கியம் போல நெருடுகிறது. ஒருவரையொருவர் பிடித்து, இன்னும் எதுவும் முடிவு செய்யாமல், பார்த்துப் பேசித் திரிகிற அந்த நிலைக்குத் தமிழில் யாரும் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘ரெண்டு பேரும் பழகிட்டு இருக்காங்க’ என்றுதான் ஊரே சொல்கிறது.