சமையல் போட்டி நடுவர்களே, கரண்டிக்கு முன் வெப்பமானியை எடுங்கள்

அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட, ஏதோ ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க என்று குடியிருப்போர் நலச்சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் சமையல் போட்டி நடத்துவது நம் ஊர்களில் இப்போது சகஜமாகிவிட்டது. வீட்டில் சமைக்கிறவர்கள் ஆளுக்கொரு உணவு செய்து கொண்டுவருவார்கள். நடுவர்கள் ருசி பார்த்து மார்க் போட்டதும், பாத்திரத்தில் மிச்சமிருப்பது கூப்பனுக்கு விற்கப்படும். அந்தப் பணம்தான் நற்பணிக்குப் போகிறது. அதாவது பொதுமக்கள் சாப்பிடப்போகும் உணவை முதலில் சோதிக்கிறவர் நடுவர்தான். 'இதை விற்கலாமா' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே அவர் மார்க் தாளைத் தொட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நேரத்தைக் கணக்குப் போட்டாலே சிக்கல் புரியும். பத்து மணிக்குப் பதிவு என்றால் காலை ஆறு மணிக்கே பிரியாணிக்குத் தம் போட்டு, எட்டரைக்கு இறக்கி, காரில் ஏற்றி வருவார்கள். நடுவர்கள் மேசைக்கு வர பதினொன்றரை. விற்பனை முடிய இரண்டு மணி. இறக்கியதிலிருந்து ஐந்தரை மணி நேரம்! சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகள் பெருகத் தோதானது. நம் வெயில் காலத்து மண்டபம் அந்த எல்லைக்கு நடுவில்தான் இருக்கிறது.

சோற்றில் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்து, கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. பெரிய அண்டாவில் மெதுவாக ஆறும் கறிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இதே வழியில் பெருகும். அதன் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் அன்று இரவுதான் தெரியும். இரண்டிலும் வாசனையோ நிறமோ மாறியிருக்க வேண்டியதில்லை. முகர்ந்து பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வது சோதனை ஆகாது.

ஆகவே ஊசி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று நடுவர் மேசையில் கட்டாயம். காலையில் நிறைய ஐஸ் போட்ட தண்ணீரில் முனையை முக்கினால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சரிபார்ப்பது சென்னையில் ஒத்துவரும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால் ஐஸ்தான் நம்பகம். பாத்திரத்தின் ஓரத்தில் குத்தாமல் நடுவில், அடியைத் தொடாமல் குத்துங்கள். ஒவ்வொரு உணவுக்கும் பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். சைவத்துக்கும் அசைவத்துக்கும் வேறு வேறு வெப்பமானி வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களின் நம்பிக்கை சம்பந்தப்பட்டது அது.

60 டிகிரிக்கு மேல் இருந்தால் மேசைக்கு வரட்டும். கீழே இறங்கியிருந்தால், இறக்கி எவ்வளவு நேரமாயிற்று, எதில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் உள்சூடு 75 டிகிரி வரும்வரை சூடாக்கி, சுடுநீர்த் தட்டின் மேல் வைக்கலாம். அதைத் தாண்டியிருந்தால் ருசியும் பார்க்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். அந்த அம்மாவோ அண்ணனோ விடியற்காலையில் எழுந்து ஆசையாகச் செய்ததை மைக்கில் தள்ளுபடி செய்யாதீர்கள். தனியே அழைத்து, வெப்பமானியைக் காட்டி, காரணத்தைச் சொல்லுங்கள். இந்த விதி நுழைவுப் படிவத்திலேயே அச்சாகியிருந்தால் பாதிப் பேர் ஹாட்பாக்ஸோடு வருவார்கள்.

தயிர் சாதத்தில் தனிக் கவனம் வேண்டும். மதியத்துக்குள் புளிக்காமல் இருக்க, வெதுவெதுப்பான சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கொண்டுவருவது நம் வழக்கம். தயிராகி அமிலம் ஏறும்வரை அது கிருமிக்கு வசதியான இடம். போட்டிக்கு ஃபிரிட்ஜில் குளிர்ந்த தயிரை அங்கேயே கலக்கச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னியையும் அங்கேயே அரைக்கட்டும். புளியோதரைக்குப் புளியின் அமிலம் ஓரளவு துணை நிற்கும்.

நிறத்துக்கென்று தனி மார்க் வைக்கவே வேண்டாம். வைத்தால் பளிச்சென்ற கேசரிக்கும் செக்கச்செவேல் சிக்கனுக்கும் பரிசு போகும்; அடுத்த ஆண்டு எல்லோரும் பொடி தூவுவார்கள். ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும். உணவில் சேர்க்கவே கூடாத சாயம் அது.

இனி ருசி. பெயர் தெரியாமல் மார்க் போட வேண்டும். 1, 2, 3 என்று எண் கொடுத்தால் ஒன்றாம் எண்ணுக்கு மனம் சாயும். 417, 852 என்று மூன்றிலக்க எண்களை ஒட்டுங்கள். ஒரே வகைக்குள் ஒவ்வொரு நடுவரும் வேறு வேறு எண்ணில் தொடங்கட்டும், ஏனென்றால் பசியோடு முதலில் சாப்பிடுவது எப்போதும் ருசிக்கும். காரம் குறைந்த வகை முதலில், காரமானது பிறகு, இனிப்பு கடைசியில். ஒரு உணவுக்கு 30 கிராம் போதும், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. இருபது உணவென்றால் அதுவே 600 கிராம் ஆகிவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் நடுவர் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் பால் அல்லது உப்பில்லாத தயிர், கொஞ்சம் பொரி, இரண்டு நிமிட இடைவெளி. மல்லிகைப்பூவும் சென்ட்டும் நடுவர் மேசைக்கு வேண்டாம். ஏலக்காயின் மெல்லிய வாசனை அதில் காணாமல் போய்விடும்.

தம் பிரியாணியில் மேலாக ஒரு கரண்டி எடுத்தால் வெறும் சோறு வரும். தட்டையான கரண்டியை ஓரமாக அடிவரை இறக்கி, மசாலாவும் சோறும் சேர்ந்து வரும்படி தூக்க வேண்டும். இதை எல்லா நடுவர்களுக்கும் ஒரே ஆள் பரிமாறட்டும். பாத்திரத்துக்கு ஒரு கரண்டி, வாய்க்கு வேறு ஸ்பூன். வாயில் வைத்தது மறுபடி பாத்திரத்தைத் தொடக்கூடாது.

மார்க்கைக் கூட்டுவதிலும் அநியாயம் நடக்கிறது. ஒரு நடுவர் 417க்கு 95ம் 852க்கு 60ம் போடுகிறார். மற்ற இருவர் 417க்கு 76, 75. 852க்கு 80, 79. கூட்டினால் 417 பெறுவது 246, 852 பெறுவது 219. மூவரில் இருவருக்குப் பிடித்தது தோற்றுவிட்டது. மார்க்குக்குப் பதிலாக ஒவ்வொரு நடுவரின் வரிசையையும் கூட்டிப் பாருங்கள். 417க்கு 1+2+2, ஐந்து. 852க்கு 2+1+1, நான்கு. குறைந்த எண்ணுக்கே பரிசு. கூப்பன் வாங்கியவர்கள் ஓட்டுப் போடும் 'மக்கள் விருப்பம்' தனிப் பரிசாக இருக்கட்டும். சொந்தக்காரர்கள் அதிகம் உள்ளவர் அதில் ஜெயித்தாலும் பரவாயில்லை, நிதி கூடும்.

பரிசு பெறாதவர்களுக்கும் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். 'உப்பு கம்மி' என்பது யாருக்கும் உதவாது. 'அரிசி வேகும் தண்ணீரில் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கட்டும், வடித்தபின் சரியாகிவிடும்' என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்வார்கள்.

நடத்துகிறவர்களுக்கு: சமூக, மத நிகழ்ச்சிகளில் உணவு வழங்குவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு விதிகளில் வருகிறது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, ஒவ்வொரு மேசையிலும் வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை, முட்டை, இறால் எது சேர்ந்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். விற்கும் ஒவ்வொரு உணவிலும் 200 கிராம் எடுத்து, எண் ஒட்டிய சுத்தமான டப்பாவில் மூடி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் பரிசோதனைக்குக் கொடுக்க அது வேண்டும்.