காசு கொடுத்து வாங்கியதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

இந்த வாரமும் ஒரு செருப்புப் பெட்டி வந்தது. உள்ளே இறகு முழுதாக முளைக்காத கிளிக்குஞ்சு. அதன் கழுத்தடித் தீனிப்பை நிறையப் பாலில் ஊறிய ரொட்டி, புளித்துப்போயிருந்தது. கூடவே நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வாசகம்: "நாங்கள் வாங்காவிட்டால் செத்திருக்கும், டாக்டர்."

அது பெரிய பச்சைக்கிளியின் குஞ்சு. தெருவோர மரங்களில் கத்தும் பச்சைக்கிளியைவிட நன்றாகவே பெரிய இனம். வாலோடு அளந்தால் 60 சென்டிமீட்டர் வரும். தடித்த சிவப்பு அலகு, தோளில் அரக்கு நிறத் திட்டு. ஆணின் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக வளையம் உண்டு. அது தெளிவாக வரவே ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். (கடைக்காரர் "ஆண் குஞ்சு" என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டுத் திரும்புங்கள். அந்தக் கடைக்கே போகாமலிருப்பது உத்தமம்.) உலக அளவில் இது அழிவு அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம்.

காப்பாற்றிய கதைக்கு வருகிறேன். அந்தக் குஞ்சு அநாதையாகக் கிடந்ததல்ல. முதிர்ந்த மரத்தின் பொந்தில் கைவிட்டுத் திருடியது. கை நுழையாவிட்டால் பொந்தையே வெட்டிப் பெரிதாக்குவார்கள். பெரிய உடம்புக்குப் பெரிய பொந்து வேண்டும். அப்படிப்பட்ட கிழட்டு மரங்கள்தாம் முதலில் வெட்டுப்படுகின்றன. சிதைந்த பொந்து அடுத்த ஆண்டு எந்த ஜோடிக்கும் உதவாது. ஒருமுறை இட்டால் 2 முதல் 4 முட்டைதான். நீங்கள் இரக்கப்பட்டு வாங்கினீர்களா, ஆசைப்பட்டு வாங்கினீர்களா என்பது வியாபாரிக்கு எதற்கு? கூண்டு காலியானது, அவ்வளவுதான். உங்கள் பணம் அடுத்த மரத்தில் ஏறுகிறவனுக்குக் கூலியாகப் போகிறது.

"தாத்தா வளர்த்தாரே" என்பார்கள். தாத்தா காலத்துச் சட்டம் வேறு. இன்று, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? இறக்கையை வெட்டாதீர்கள். பால் கொடுக்காதீர்கள், பறவைக்குச் செரிக்காது. வெறும் தானியத்திலேயே வளர்ந்த கிளி வைட்டமின் ஏ குறைந்து, கண் வீங்கி, மூக்கடைத்து என் மேசைக்கு வரும். குற்ற உணர்ச்சியில் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடவும் வேண்டாம். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பூனைக்கு அஞ்சவும் தெரியாது. தயவுசெய்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

சந்தையில் குஞ்சு விற்பதைப் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவந்து என்னிடம் பெருமைப்படாதீர்கள்.