பெயரை அழித்தால் போதுமா? ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

நேர்காணலும் கணக்கெடுப்பும் நடத்தும் ஆய்வு மாணவர்கள் பலர், எக்செல் கோப்பில் பெயர் இருக்கும் நெடுவரிசையை அழித்துவிட்டு, தகவல் தந்தவரைக் காப்பாற்றிவிட்டதாக நம்புகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளும் அப்படித்தான் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டிருந்தன. 1997-இல் லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியல் ஆய்வு மாணவி 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியலை வாங்கி, இரண்டையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநரின் பதிவையே கண்டெடுத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அதற்குப் போதுமாக இருந்தன.

கோப்பைப் பகிருமுன் பிறந்த தேதியை 30–34 போன்ற வயது வரம்பாகவும் அஞ்சல் குறியீட்டை மாவட்டமாகவும் மாற்றிவிடுங்கள். பிறகு வயது, பாலினம், இடம், தொழில் நான்கையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே சேர்க்கையில் 5 பேருக்கும் குறைவாக இருந்தால் வரம்பை இன்னும் அகலமாக்க வேண்டும். 5 பேர் இருந்தும் ஐவருக்கும் ஒரே நோய் என்றால் ரகசியம் வெளியாகிவிட்டது என்றே பொருள். ஐந்தில் எந்த வரி யாருடையது என்று தெரியாமலே அவருடைய நோய் தெரிந்துவிடும். இதைச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள்.

பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் தருவதிலும் தவறு நடக்கிறது. பெயரின் முதலெழுத்து, பிறந்த ஆண்டு, கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் ஆகியவற்றைக் கோத்து உருவாக்கிய எண்ணை, அந்த நபரை அறிந்த ஒருவர் எளிதில் பிரித்துப் படித்துவிடுவார். குலுக்கலில் வந்த எண்ணே வேண்டும். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைக் கடவுச்சொல்லால் பூட்டி, தரவு இருக்கும் கணினியில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். அந்தப் பட்டியல் இருக்கும்வரை உங்கள் தரவு அடையாளமற்றது ஆகாது. அடையாளமற்றது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதினால் அது பொய்.

படிவத்தில் இன்னொரு சிக்கல்: "ஆய்வு முடிந்ததும் தரவு அழிக்கப்படும்" என்ற வரியைப் பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பின்னாளில் ஆய்விதழ் தரவைப் பிறரும் பயன்படுத்தும் தரவுக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொன்னால், கொடுத்த வாக்கை மீற முடியாது. எதைப் பகிர்வோம், எத்தனை ஆண்டு வைத்திருப்போம், எந்தத் தேதிவரை விலகலாம் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள்.

கைப்பேசியில் பதிவான குரல் தானாகவே சொந்த கிளவுட் கணக்கில் ஏறிவிடக்கூடும். நேர்காணலுக்கு முன்பே அதை நிறுத்திவையுங்கள். எக்செல்லில் மறைத்த தாள் அழிந்த தாள் அல்ல. தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளை மட்டும் அனுப்பினாலும் மூலத் தரவு அதனோடு ஒட்டிக்கொண்டே போகலாம். பகிர வேண்டிய தாளை மட்டும், வெறும் எழுத்தாக மதிப்புகளை வைக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, நோட்பேடில் திறந்து ஒரு முறை படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.