ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டுமுன்

வெள்ளவத்தையில் நான் நோயாளர் பார்க்கும் இடத்தில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "டொக்டர், ஸ்டெம் செல் போட்டால் சீனி வருத்தம் முற்றாகச் சுகமாகுமாம், உண்மையோ?" கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அவர்களின் போனுக்கு வந்த செய்தியோ முதலாம் வகையைப் பற்றியது.

செய்தி பொய்யில்லை. முதலாம் வகையில், இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. அந்தக் கலங்களை, பலவகைக் கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்து, ஈரலுக்குப் போகும் நாளத்தினூடாகச் செலுத்துகிறார்கள். வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடத்தின் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. பெரிய விடயம்தான். ஆனால் புதிய கலங்களை உடல் தாக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த ஆய்வில் இருவர் இறந்தும் போனார்கள். ஒருவருக்குப் பூஞ்சணத் தொற்றால் மூளையுறை அழற்சி. பகிரப்படும் செய்திகளில் இந்த வரி மட்டும் காணாமல் போய்விடும்.

சீனாவில் 25 வயதுப் பெண்ணொருவருக்கு அவருடைய சொந்தக் கலங்களிலிருந்தே இன்சுலின் சுரக்கும் கலங்களைச் செய்து வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது. 2024இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. அவர் ஏற்கெனவே ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்து, அதே அடக்கும் மருந்துகளில் இருந்தவர். அவை இல்லாமலும் அந்தக் கலங்கள் தாக்குப்பிடித்திருக்குமா என்பதை அவரை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, இரண்டாம் வகைக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஒருவர் வெளிநாட்டு நிலையமொன்றின் விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை சேலைனில் ஏற்றுவார்களாம். கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்பத் தயார். சி-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். சதையி எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை அது காட்டும். அவருக்குத் தாராளமாகவே இருந்தது.

"ஐயா, உங்களுக்கு இன்சுலின் சுரக்குது. உடம்புதான் அதன் சொல்லைக் கேட்கிறதில்லை."

"அப்ப புதுக் கலம் வச்சாலும் இதே கதைதானே?"

அதேதான். போதாததற்கு, நாளத்தில் ஏற்றும் கொழுப்புக் கலங்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். அவை பீட்டா கலமாக மாறுவதும் இல்லை. அங்கே போனவர்களுக்குச் சீனி குறைந்ததே என்பீர்கள். ஊசியோடு கடும் உணவுக் கட்டுப்பாடும் கொடுத்தால், குறைத்தது எது என்று யார் சொல்வது? வருத்தம் கண்டு 6 வருடத்துக்குள் இருந்தவர்களைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வில், உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களில் 46 வீதமானோருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. இதற்கு யாரும் விளம்பரம் போடுவதில்லை.

முறையான ஆய்வில் பரிசோதனைச் சிகிச்சைக்கு வழக்கமாகப் பங்கேற்பவரிடம் காசு கேட்பதில்லை. அவர்கள் தரும் ஒப்புதல் படிவத்தில் ஆபத்துகளும் எழுதியிருக்கும். அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்து வைக்குமுன் உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், முதலாம் வகைப் பிள்ளை உள்ள பெற்றோருக்கு: யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்த வேண்டாம். ஊசி தவறி வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், நடுச்சாமம் என்றாலும்.