மலைமேல் ஏரிச் சேறு: சமோசிர் தீவு எழுந்த விதம்

சமோசிர் தீவின் மேட்டுநிலத்தில், தோபா ஏரியின் நீர்மட்டத்திலிருந்து பல நூறு மீட்டர் உயரத்தில், சாலைக்காக வெட்டப்பட்ட ஒரு சரிவின் முன்னே நானும் என் தங்கை மகனும் நின்றிருந்தோம். வெட்டுமுகத்தில் வெளிறிய மண்படலங்கள், அடுக்கி வைத்த பழைய நாளிதழ்களைப்போல, ஒன்றின்மேல் ஒன்றாக மிக மெல்லியதாகப் படிந்திருந்தன. அவன் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்தான். கையளவு இருந்தும் கனமே இல்லை. விரலால் தேய்த்தபோது முகத்துக்குப் பூசும் மாவைப்போல வெண்மையாக உதிர்ந்தது.

“சுண்ணாம்பா மாமா?”

“இல்லப்பா. ஏரிக்கு அடியில் படியுற சேறு.”

“மலை மேலயா?”

அவன் கேட்ட அந்தக் கேள்விக்கான விடைதான் இத்தீவின் வரலாறு. எரிமலைத் தீவு என்றதும், குழம்பு வழிந்து வழிந்து கூம்பாக உயர்ந்த ஒரு மலைதான் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுகிறது. ஹவாய்த் தீவுகள் அவ்வாறு குழம்பு அடுக்கடுக்காகக் குவிந்து உருவானவையே. சமோசிர் அப்படி உருவானதன்று. ஏரியின் அடியில் கிடந்த தரை அப்படியே மேலே தூக்கப்பட்டதால் உருவான தீவு இது.

வடசுமத்ராவில் உள்ள தோபா ஏரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது; மிக ஆழமான இடத்தில் 500 மீட்டர் ஆழம் இருக்கிறது. அதன் நடுவே கிடக்கும் சமோசிரின் பரப்பு சுமார் 640 சதுர கிலோமீட்டர், அதாவது நம் சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறியது. ஆனால் அங்கே வாழ்வோரின் எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்தைக்கூட எட்டாது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள நிலத்தில் அறுபது இலட்சம் பேர் வாழும் ஊரிலிருந்து போகிறவருக்கு அந்த அமைதி முதல் நாள் இரவிலேயே புலப்பட்டுவிடும்.

பயணத்துக்குப் பெரிய செலவும் இல்லை. சாங்கியிலிருந்து மேடானின் குவாலாநாமு விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து பகிர்ந்துகொள்ளும் வாடகைக் காரில் சுமார் நான்கு மணி நேரத்தில் ஏரிக்கரையிலுள்ள பராபாட் ஊர் வரும். அங்கிருந்து சமோசிர் கரையிலுள்ள துக்துக் வரை படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகுக் கட்டணம் சில வெள்ளிதான். நாங்கள் தங்கிய எளிய விடுதியின் ஓர் இரவு வாடகை, இங்கே ஓர் உணவகத்தில் ஒருவர் வயிறாரச் சாப்பிடும் செலவைத் தாண்டவில்லை. ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும் என்பதால், நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே இருந்தும், இரவில் போர்வை தேவைப்படுகிறது, குளிரூட்டி தேவைப்படுவதில்லை.

இனி அந்தச் சேற்றின் கதைக்கு வருவோம். சுமத்ராவின் மேற்குக் கடலுக்கு அடியில் இந்திய-ஆஸ்திரேலியப் புவித்தட்டு (பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்று), ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில், தீவுக்கு அடியே சரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கடலடியில் நெடுங்காலம் கிடந்த அந்தத் தட்டின் கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. ஆழத்துக்குப் போகப்போக அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. மேலேயிருக்கும் சூடான பாறையில் நீர் சேரும்போது அதன் உருகுநிலை குறைகிறது. கூடுதல் வெப்பம் எதுவும் இல்லாமலேயே அது உருகத் தொடங்குகிறது. இவ்வாறு பிறக்கும் குழம்பு எடை குறைந்ததாகையால் மேலேறி, புவியோட்டின் நடுவே தங்கி, சுற்றியுள்ள பாறையையும் உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இடையிலேயே இறுகும் கனிமங்கள் பிரிந்துபோக, எஞ்சும் குழம்பில் சிலிக்காவின் பங்கு உயர்ந்துகொண்டே போகிறது. தோபாவின் குழம்பில் அது ஏறத்தாழ முக்கால் பங்கு வரை இருந்தது.

சிலிக்கா மிகுந்தால் குழம்பு கெட்டிப்படும். இந்தக் கெட்டித்தன்மைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை நம் அடுப்படியிலேயே பார்க்கலாம். வெறும் தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடுகின்றன; தண்ணீர் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே பாத்திரத்தில் அரிசி வேகும்போது கஞ்சி குமிழிகளை உடையவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுரை திரண்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு, அடுப்பெல்லாம் வழிகிறது. ஹவாயின் குழம்பு தண்ணீரைப் போன்றது. தோபாவின் குழம்பு கஞ்சியைப் போன்றது. ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: சோற்றுப் பானையில் குமிழிகளை உண்டாக்குவது வெப்பம், எரிமலையிலோ, அழுத்தம் குறைவதே அந்த வேலையைச் செய்கிறது. ஆழத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும்வரை நீராவியும் பிற வாயுக்களும் குழம்புக்குள் கரைந்தே கிடக்கின்றன. மேலே ஒரு விரிசல் விழுந்து அழுத்தம் சட்டென்று குறைந்தால், அவை அத்தனையும் ஒரே சமயத்தில் குமிழியாக வெளிப்பட்டுக் குழம்பைத் துகள்துகளாகச் சிதறடிக்கின்றன. குதிகாலைத் தேய்க்கக் குளியலறையில் வைத்திருக்கிறோமே, அந்த நுரைக்கல், இப்படிச் சிதறிய குழம்பு குமிழிகளோடு சேர்ந்து உறைந்துபோனதுதான். சமோசிரின் கரையோரங்களில் அதைத் தேடிப் பார்க்கலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு தோபாவில் நடந்தது அதுவே. வெளிவந்த குழம்பின் அளவு குறைந்தது 2,800 கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அதைவிட அதிகம் என்போரும் உண்டு. அந்தக் குறைந்த அளவையே சிங்கப்பூர்மேல் சமமாகக் கொட்டினால், நாடு முழுவதும் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு நிரம்பும். கடந்த இருபது இலட்சம் ஆண்டுகளில் நிலவுலகம் கண்ட வெடிப்புகளிலேயே பெரியதாக இது கருதப்படுகிறது. சாம்பல் இந்தியத் துணைக்கண்டத்தின்மேல் படிந்தது. தென்சீனக் கடலின் அடியிலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் அடியிலும்கூட அதன் துகள்கள் கிடைத்திருக்கின்றன. நமக்குப் பக்கத்தில், பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், கற்காலக் கருவிகள் செய்த ஓர் இடத்தோடு தோபாவின் சாம்பலும் கண்டெடுக்கப்பட்டது. ஆந்திரத்தின் கர்நூல் பகுதியிலுள்ள ஜ்வாலாபுரத்தில் சாம்பல் படலத்துக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருப்பது இன்னும் முக்கியமானது. இந்த வெடிப்பால் மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்ற கருத்தைச் சிலர் முன்வைத்தார்கள். ஜ்வாலாபுரத்தின் கருவிகளைப் பார்க்கும்போது, அங்கே வாழ்ந்தவர்கள் சாம்பல் மழைக்குப் பிறகும் தாக்குப்பிடித்தார்கள் என்று நம்பவே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வளவு குழம்பு வெளியேறிய பிறகு அது இருந்த இடம் என்ன ஆகும்? அகன்ற அண்டா ஒன்றின் வாய்க்குள் சற்றே சிறிய தட்டு ஒன்று, உள்ளிருக்கும் கூழின்மேல் மிதந்தபடி கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கூழை வெளியே எடுக்க எடுக்கத் தட்டு கீழே இறங்கும். குழம்பறையின் கூரையாக இருந்த நிலமும் அவ்வாறே இடிந்து இறங்கியது. இப்படி உருவாகும் பெரும் பள்ளத்தைக் கால்டெரா என்பார்கள். ஏரியைச் சுற்றிக் கிடப்பது எரிமலைச் சாம்பல்பாறை என்பதையும், இப்பள்ளம் ஒரு கால்டெரா என்பதையும் 1949ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் டச்சு நிலவியலாளர் ரெயின் வான் பெம்மெலென். பள்ளத்தில் மழைநீரும் ஓடைநீரும் தேங்கி ஏரியானது. தென்கிழக்கே ஆசாஹான் ஆறு ஒன்றே அதற்கு வடிகால். ஏரி நிரம்பியதும், இறங்கிய நிலத்தட்டின்மேல் சேறு படியத் தொடங்கியது. அந்தச் சேற்றில் பெரும்பகுதி டையட்டம் என்னும் ஒருசெல் பாசிகளின் ஓடுகள். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள அந்த ஓடுகளும் சிலிக்காவால் ஆனவைதான். உள்ளே நுண்துளைகள் நிறைந்திருப்பதால் கட்டியாகத் திரண்ட பின்னும் கனம் இருப்பதில்லை. எங்கள் கையில் இருந்த துண்டு இலேசாக இருந்ததன் காரணம் இதுவே. ஒவ்வோர் உயிரும் இறந்து மெல்ல அடியில் போய்ப் படிவதற்கு அசையாத நீர் தேவை. மெல்லிய படலங்கள் கலையாமல் கிடப்பதே அவை ஆழ்ந்த ஏரியின் அடியில் உருவானவை என்பதற்குச் சான்று.

குழம்பறை முற்றிலும் காலியாகிவிடவில்லை. எஞ்சிய குழம்பும், ஆழத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த குழம்பும், கூரையைக் கீழிருந்து மறுபடி நெம்பத் தொடங்கின. இறங்கிய தட்டு மெல்ல மேலேறியது. எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதையும் அந்தச் சேறே சொல்கிறது. தீவின் வெவ்வேறு உயரங்களில் எடுத்த படிவங்களில் சிக்கியிருந்த கரிமப் பொருளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தார்கள். ஒரு படிவம் ஏரியின் அடியில் படிந்த காலமும், அது இன்று இருக்கும் உயரமும் தெரிந்தால், இடைப்பட்ட காலத்தில் தரை எவ்வளவு ஏறியது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சமோசிர் நீருக்குள் கிடந்தது. அதன்பின் 22,500 ஆண்டுகளுக்கு முன்புவரையான காலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 4.9 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்தது. அதற்குப் பின் வேகம் ஆண்டுக்கு 0.7 சென்டிமீட்டர் அளவுக்குத் தளர்ந்தது. முதற்கட்டத்தின் வேகம்கூட விரல் நகம் வளர்வதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆயினும் மொத்தமாக 700 மீட்டர் உயர்ந்துவிட்டது. புக்கிட் தீமா குன்றுகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அந்த உயரத்தை எட்டாது.

தட்டு சமமாகவும் ஏறவில்லை. கிழக்கு விளிம்பு அதிகம் உயர்ந்து, தீவு முழுவதும் மேற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கிழக்கே செங்குத்துச் சுவர், மேற்கே நெடிய சரிவு. உயர்ந்து நீருக்கு வெளியே வந்த மேட்டுநிலத்தின் பள்ளங்களில் மழைநீர் தேங்கி சிடிஹோனி போன்ற குட்டி ஏரிகளும் உண்டாயின. சுமத்ரா என்னும் தீவில் ஓர் ஏரி, அதனுள் ஒரு தீவு, அதனுள் மீண்டும் ஓர் ஏரி என்று அமைந்திருப்பது உலகில் அரிது.

எரிமலை மண் என்றாலே பொன் விளையும் என்று நினைத்துப் போகிறவருக்குச் சமோசிரின் மேட்டுநிலம் வியப்பளிக்கும். பெரும்பாலும் புல்வெளியும் பைன் மரங்களுமே. மண்ணின் வளம் குழம்பின் வேதியியலைப் பொறுத்தது: சிலிக்கா மிகுந்த சாம்பலில் சுண்ணச்சத்தும் மக்னீசியமும் குறைவு, அதிலிருந்து உண்டாகும் மண்ணும் மெலிந்ததே. வடக்கே சிபாயாக், சினாபுங் எரிமலைகளின் அடிவாரத்தில், சிலிக்கா குறைந்த குழம்பிலிருந்து வந்த மண்ணோ செழிப்பானது. மேடானை அடுத்த டெலி வட்டாரத்தின் புகையிலைத் தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தில்தான் எழுந்தன. அவற்றில் உழைக்க நம் முன்னோர் பலரும் கப்பலேறிப் போனார்கள். மேடானில் இன்றும் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் அவர்கள் விட்டுச்சென்றது. போகும்போதோ திரும்பும்போதோ அரை நாள் ஒதுக்கி அங்கே போய்வருவது நல்லது.

குழம்பறை அணைந்துவிட்டதா என்றால், இல்லை. பெருவெடிப்புக்குப் பின்பும் குழம்பு ஆங்காங்கே மெல்லக் கசிந்து குன்றுகளாக இறுகியது. பயணிகள் தங்கும் துக்துக் தீபகற்பம் அப்படிப்பட்ட ஒரு குன்று. மேற்கே ஏரிக்கரையில், பாத்தாக் மக்கள் தங்கள் முதல் மூதாதை இறங்கி வந்த இடமென்று போற்றும் புசுக் புஹித் எரிமலையின் சரிவில், வெந்நீர் ஊற்றுகள் இன்றும் கந்தக வாடையோடு ஓடுகின்றன. அருகிலுள்ள பங்குருரான் ஊரில் தங்கினால் மாலையில் அந்த நீரில் குளிக்கலாம். பெருவெடிப்பு மீண்டும் வருமோ என்ற அச்சத்தால் பயணத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. அத்தகைய வெடிப்புகளுக்கு இடையே தோபாவில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. கவனிக்க வேண்டியது, 2010இல் நெடுந்துயில் கலைந்து வெடித்த சினாபுங் போன்ற அண்டை எரிமலைகளை. புறப்படும் முன் அவற்றின் எச்சரிக்கை நிலையைப் பார்த்துக்கொள்வது போதும்.

நாங்கள் இருசக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து, மேற்கிலிருந்து மேலேறும் சாலையில் போனோம். அப்பக்கம் நெடிய சரிவு என்பதால் ஏற்றம் எளிது. ஏறும் வழியில் சாலை வெட்டுகள் வருமிடமெல்லாம் நின்று பாருங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் அது ஏரியின் பழைய தரை. திரும்பும் நாளில் பராபாட் செல்லும் படகில் பின்பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொள்ளுங்கள். கரை விலக விலக, கிழக்குச் சுவர், கரையிலுள்ள தோமோக் ஊரிலிருந்து இரு பக்கமும் நீண்டு, ஒரே வெட்டாக எழுந்து நிற்பது தெரியும். அதன் உச்சியில் நிலம் மேற்கு நோக்கிச் சரியத் தொடங்கும் விளிம்பும் தெளிவாகத் தெரியும். தட்டு முறிந்து மேலேறிய இடம் அதுதான். என் மருமகன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். பிறகு நெடுநேரம் அதை உள்ளே வைத்துவிட்டு, படகு கரைசேரும்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.