சைபார்க்: எலியின் தோலுக்கடியில் தொடங்கிய கதை

சைபார்க், அதாவது கருவியோடு இணைந்த உயிர், என்றதும் இரும்புக் கையும் சிவந்த கண்ணுமாக ஒரு திரைப்பட உருவம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெயரை முதலில் சுமந்த உயிர்களில் ஒன்று 220 கிராம் எடையுள்ள எலி.

அதன் தோலுக்கடியில் சிறிய பம்பு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மின்சாரம் வேண்டாத பம்பு அது. உப்பு இருக்கும் அறைக்குள் சவ்வு வழியாக நீர் கசிந்து ஏறும். அந்த அறை உப்ப உப்ப, பக்கத்து அறையிலிருந்து மருந்து மெல்ல வெளியேறி உடலுக்குள் கலக்கும். எலிக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

1960 செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி இதழ் ஒன்றில் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேத்தன் கிளைன் என்ற இருவரும் இதை விளக்கினார்கள். இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ராக்லேண்ட் மனநல மருத்துவமனையில் ஆய்வு செய்தவர்கள். விண்வெளிக்குப் பூமியின் காற்றையும் சூழலையும் கட்டித் தூக்கிக்கொண்டு போவதைவிட, அங்கு வாழத் தக்கபடி மனித உடலையே மாற்றலாமே என்பது அவர்களின் வாதம். துணிச்சலான யோசனைதான். அதற்காக சைபர்நெட்டிக், ஆர்கனிசம் என்ற இரு சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி சைபார்க் என்ற பெயரை உருவாக்கினார்கள். பின்னது உயிரி. முன்னது, கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1948இல் நார்பர்ட் வீனர் பரவலாக்கிய துறைப்பெயர். விலகலை அளப்பது, உடனே திருத்துவது, மறுபடியும் அளப்பது: இந்தச் சுழற்சியே அத்துறையின் உயிர்நாடி.

ஆகவே, உடலில் உலோகம் இருப்பதாலேயே ஒருவர் சைபார்க் ஆகிவிடமாட்டார் என்பேன். மரக்கால் அந்தக் கணக்கில் சேராது. உடலோடு இணைந்த கருவி, நம் கவனத்தைக் கேட்காமலேயே உடலின் சமநிலையைக் காக்க வேண்டும். 1958இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கர், இதயத்தை மாறாத வேகத்தில் தூண்டித் துடிக்க வைத்தது. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் தூண்டும் கருவிகள் பின்னர் வந்தன. அந்த இரண்டாம் வகைதான் சைபார்க் என்பதன் இலக்கணத்துக்கு நெருக்கமானது.

இன்று அதற்கு நல்ல உதாரணம், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் அணியும் தானியங்கி இன்சுலின் பம்பு. தோலுக்கடியில் செருகிய மெல்லிய சென்சார், திசுநீரிலுள்ள குளுக்கோஸைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கிறது. அதற்கேற்ப பம்பு இன்சுலினைக் கூட்டுகிறது, குறைக்கிறது, நிறுத்துகிறது. அவர் தூங்கும்போதும் இது நடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், பெரும்பாலான கருவிகளில், எவ்வளவு மாவுச்சத்து உண்ணப்போகிறோம் என்பதை அணிந்தவரே இன்னும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.