மடங்கிய கை குற்றமில்லை, நிமிரும் கைதான் குற்றம்

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கத்தியிருப்போம்: "டேய், மாங்கா போடுறான்டா!" மிகப் பொருத்தமான பெயர் அது. மரத்திலிருக்கும் மாங்காயைக் கல்லால் அடிக்கும்போது முழங்கையை மடக்கி, வெடுக்கென்று நீட்டி எறிவோம். கிரிக்கெட் சட்டம் தடுப்பது அந்த வெடுக்கென்ற நீட்டலைத்தான். ஆனால் "கை மடங்கியிருந்தாலே தப்பு" என்ற எண்ணம் பலருக்கு இன்னும் இருக்கிறது. அது சரியல்ல.

கிரிக்கெட் விதிகளில் 21வது விதி நோபாலைப் பற்றியது. பந்து வீசும் கை சுழன்று தோள் மட்டத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலை விட்டு விலகும் வரை, முழங்கை கொஞ்சமோ முழுதாகவோ நிமிரக் கூடாது என்கிறது அது. தொடக்கத்திலிருந்தே கை மடங்கியிருந்து, அதே மடிப்போடு பந்து வெளியேறினால் குற்றமில்லை. வீசும்போது முழங்கை இன்னும் கூடுதலாக மடங்கினாலும் பரவாயில்லை. மணிக்கட்டை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம். ஆக, கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதல்ல கேள்வி. அந்த மடிப்பு எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான்.

நிமிர்ந்தால் என்ன லாபம்? நேரான கையோடு வீசுபவருக்குத் தோளின் சுழற்சிதான் முக்கிய மூலதனம். முழங்கையும் நிமிர்ந்தால், தோள் தரும் வேகத்தோடு முன்கையின் வேகமும் கடைசிக் கணத்தில் சேர்ந்துகொள்கிறது. வேகப்பந்து வீச்சாளருக்குக் கூடுதல் வேகம், சுழல் வீச்சாளருக்குக் கூடுதல் சுழற்சி. நிலையாக மடங்கிய கையிலும் ஒரு லாபம் உண்டு என்பதுதான் எனக்கு வியப்பு. நேரான கம்பியை அதன் அச்சிலேயே திருப்பினால் நுனி இருந்த இடத்திலேயே சுழலும். வளைந்த கம்பியைத் திருப்பினால் நுனி வட்டமடிக்கும். அப்படித்தான் மடங்கிய கையில், மேற்கை உள்நோக்கித் திரும்பும்போது உள்ளங்கை வீசியடிக்கிறது. இந்த லாபத்தைச் சட்டம் தடுக்கவில்லை.

இந்த வளைந்த கம்பிதான் இலங்கைச் சுழல் வீச்சாளர் முத்தையா முரளிதரனின் கதையும். கண்டியில் பிறந்த இந்த மலையகத் தமிழருக்குப் பிறவியிலேயே வலது முழங்கையை முழுதாக நீட்ட முடியாது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்ட். பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டாரல் ஹேர், முரளி 'எறிகிறார்' என்று ஏழு முறை நோபால் கொடுத்தார். அதே நாள் முரளி முனை மாறி, ஸ்டீவ் டன் நின்ற பக்கமிருந்து வீசியபோது ஒரு நோபால்கூட வரவில்லை. அதே கை, அதே பந்து! 1999இல் அடிலெய்டில் நடுவர் ராஸ் எமர்சன் நோபால் கொடுத்தபோது, இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

நடுவரின் கண் ஏன் ஏமாந்தது? வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கம்பியை நடுவில் லேசாக வளைத்து, விளக்கு வெளிச்சத்தில் சுவர் மேல் நிழல் விழும்படி பிடியுங்கள். அடிப்பகுதியை விரலால் உருட்டுங்கள். கம்பியின் வளைவு மாறாது. ஆனால் நிழலில் அது ஒரு சமயம் வளைந்தும் ஒரு சமயம் நேராகவும் தெரியும். தொலைக்காட்சிப் படமும் ஒரு நிழல்தான், மூன்று பரிமாண அசைவின் தட்டையான நிழல். முரளியின் தோள் சுழலச் சுழல, நிமிராத கை நிமிர்வதுபோல் தெரிந்தது. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சோதித்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். அப்படியும் வசவு நிற்கவில்லை என்பது இன்றும் மனதை வருத்துகிறது.

அப்புறம் 2004இல் விவாதம் முழுக்கத் திசை மாறியது. அப்போது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அனுமதித்த நிமிர்வு வேகப்பந்துக்கு 10 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு வெறும் 5. முரளியின் தூஸ்ராவில் (வழக்கமான சுழலுக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து) நிமிர்வு 14 டிகிரி வரை போனது. ஆனால் மற்றவர்களையும் அளந்து பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. சுத்தமான வீச்சுக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் கிளென் மெக்ராத், ஷான் பொல்லாக் கைகளும் 10 டிகிரியைத் தாண்டின. வேகமாகச் சுழலும் கையில் மூட்டு தானாகவே கொஞ்சம் இழுபடும். அதை மனத்தால் கட்டுப்படுத்த முடியாது. எனவே 2005 மார்ச் 1 முதல் எல்லோருக்கும் ஒரே வரம்பு: 15 டிகிரி. ஏறத்தாழ அந்த அளவுக்கு மேல்தான் வெறும் கண்ணுக்கு 'எறிதல்' தெரியத் தொடங்குகிறது. முரளிக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று சொல்பவர்கள், பழைய வரம்பில் மெக்ராத்தும் மாட்டியிருப்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகம் எழுந்தால் இப்போது நடுவர்கள் புகார் எழுதுவார்கள், முடிவு சோதனைக் கூடத்தில். சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் சுழல் வீச்சாளர் சுனில் நரைன் அங்கே சோதிக்கப்பட்டிருக்கிறார். வீச்சாளரின் தோள், மேற்கை, முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குண்டுகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள். ஒவ்வொரு குண்டும் இருக்கும் இடத்தை முப்பரிமாணத்தில் குறித்து, மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான கோணம் எப்படி மாறுகிறது என்று கணினி கணக்கிடும். நிழல் சிக்கல் இங்கே இல்லை. முழங்கை நேர்கோட்டையும் தாண்டிப் பின்னால் வளையும் உடல்வாகு கொண்டவர்களுக்கு, அந்தப் பகுதி கணக்கில் சேராது. கூடத்தில் மட்டும் அடக்கி வாசித்துத் தப்பிக்கவும் முடியாது. பந்தின் வேகமும் கையின் அசைவும் ஆட்டத்தில் வீசியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

2004இல் முரளி இன்னொன்றும் செய்தார். முழங்கை அசையவே முடியாதபடி இரும்புக் கம்பி வைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் ஆஃப் ஸ்பின்னும் தூஸ்ராவும் வீசிக் காட்டினார். பந்து திரும்பியது. 2010இல் காலியில், தன் கடைசி டெஸ்ட்டில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 விக்கெட்டோடு விடைபெற்றார்.